மூணு சுழி

கரும்பலகையில் ண.
"மூணு சுழி" என்கிறேன்.
இரண்டாம் வகுப்பு லிங்கேஷ் எழுந்து நிற்கிறான்.
"கடல்ல ஒரு சுழின்னாலே
எங்கப்பா வலைய வாரிக்கிட்டு வந்துருவாரு.
எதுக்கு டீச்சர் மூணு?"

பதில் இல்லை என்னிடம்.
மணல், கண், அண்ணன் என்று
எழுதிக்கொண்டே போனேன்.
மணி அடித்துவிட்டது.

மறுநாள்
அவன் விரல்களில் பச்சை பெயின்ட்,
ஒரு காது மட்டும் சிவந்து.
"போட்டுல 'அங்காளம்மன் துனை'ன்னு இருந்துச்சு டீச்சர்.
எடமே இல்ல,
இடிச்சுத்தான் போட்டேன்."

சாயங்காலம் தேவனாம்பட்டினம் கரையில் தேடிப் பார்த்தேன்.
நீலப் படகு, வெள்ளை எழுத்து.
நடுவில்
மற்ற இரண்டையும் முட்டிக்கொண்டு
ஒரு பச்சைச் சுழி.
அதன் ஓரம் லேசாகக் கலைந்திருந்தது.
மண்ணெண்ணெய்த் துணியால்
துடைக்கத் தொடங்கிய யாரோ
விட்டிருக்கிறார்.