முந்திரிக்கொட்டை

காடாம்புலியூரில் கிலோ கணக்கில்
கொட்டை உடைக்கிறவள் நான், அஞ்சலாட்சி.

முதல் வருஷம் ஒன்றுமில்லை.
ஓட்டு எண்ணெய் விரலில் வழிந்து
நகக்கண் கறுத்தது, அவ்வளவுதான்.
தோலுக்குள் யாரோ உட்கார்ந்து
அந்த எண்ணெயின் முகத்தை
மனப்பாடம் செய்தது எனக்குத் தெரியாது.

மறுவருஷம் மாசியில்
ஒரு திங்கட்கிழமை உடைத்தேன்.
செவ்வாய் சும்மா இருந்தது.
புதன் விடியலில் விரலிடுக்கு வெந்து
கொப்புளம் கொப்புளமாய் நீர் கோத்துக்கொண்டது.
குடத்தின் கழுத்தைப் பிடிக்க முடியவில்லை.
எண்ணெய் சுட்டுவிட்டது என்றார் மேஸ்திரி பாவாடை.
நானும் நம்பினேன்,
பக்கத்து மெஷின் குப்பம்மாளின் கையைப் பார்க்கும்வரை.
வாழைத்தண்டு மாதிரி இருந்தது.

ஒரே எண்ணெய். ஒரே கூலி.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
முதுகில் சின்னச்சின்ன சதுரமாய் ஒட்டி
நாளை மறுநாள் வா, குளிக்காதே என்றார்கள்.
பண்ருட்டி பஸ்ஸில் சாயாமல் வந்தேன்,
பரீட்சைப் பேப்பரை முதுகில் சுமந்து.
பிரித்தபோது ஒரு சதுரம் மட்டும்
தடித்துச் சிவந்திருந்தது.
டாக்டரம்மா போனில் படமெடுத்துக் காட்டினாள்.
"எண்ணெய் ஒரு துளிதான்மா.
மிச்சமெல்லாம் உன் ரத்தத்து ஆட்கள் செய்தது.
எண்ணெய் பட்ட உன் தோலையே
வேற்றாள் என்று நினைத்து அடிக்கிறார்கள்."

அடிப்பாவி உடம்பே,
ஒரு கொசு நுழைந்ததற்கா
கூரையைக் கொளுத்தினாய்?

பேச்சில் முந்துகிறேன் என்று என்னைத்தான்
முந்திரிக்கொட்டை என்பார் வீட்டுக்காரர்.
இது அதற்கும் மேலே.
இரண்டு நாள் ஆள் திரட்டி
அப்புறம் முந்துகிறது.

சித்திரையில் ஒரு மாம்பழத்தைத்
தோலோடு கடித்தேன்.
வெள்ளி, இனிப்பு.
சனி, இனிப்பின் ஞாபகம்.
ஞாயிறு கண் விழித்தால்
உதடு இரண்டும் என்னுடையதாக இல்லை.
மாவும் முந்திரியும் பங்காளிகளாம்.
அண்ணன் மேல் உள்ள கோபத்தில்
தம்பியைத் தேடிப்போய்
என் வாயை இடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மறந்துவிடாதா என்று கேட்டேன்.
சாகும்வரை மறக்காது என்றாள்.
எனக்குக் கடன் வாங்கியதே மறந்துபோகிறது.

கையுறை போட்டால்
நாளைக்கு இரண்டு கிலோ குறைகிறது.
இந்தத் திங்களும் போனேன்,
வலதுகை உறையில் பொத்தல்.
இன்று செவ்வாய்.
அடுப்பு வெளிச்சத்தில் விரல்களைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
ஒன்றுமே இல்லை.
உள்ளே யாரோ
யாரையோ கூப்பிடுகிறார்கள்.