வியாழக்கிழமை ரெக்னிசியன்

திங்கள் பத்தேகாலுக்கு
ஏழாம் லைனில் பதினாலாம் மெசின்
தையலை விழுங்கத் தொடங்கியது.
ஊசி முறியவில்லை. நூல் அறவில்லை.
அடியில் கொக்கி நேரம் தவறிச் சுற்றுகிறது,
எட்டுத் தையலுக்கு ஒன்று விழாமல் போகிறது.
எனக்குத் தெரியும்.
தெரிவதற்குச் சம்பளம் இல்லை.

என் சம்பளம் இடது பைக்கு.
மணித்தியாலத்துக்கு அறுபத்தைந்து இடது பைகள்.
வலது பை துஷாயினிக்கு.
ஒரே காற்சட்டையில் இருவரும் இருக்கிறோம்,
ஒருநாளும் அதை முழுதாகக் கண்டதில்லை.

சுப்பவைசர் அக்கா பியகமவுக்குப் போன் எடுத்தா.
அங்கே ஒருவர் எழுதிக்கொண்டார்.
"வியாழன்தான் வருவினம்."
முந்நூறு கிலோமீற்றருக்கு மேல்:
விடியப்புறம் இரண்டரைக்கு வான் வெளிக்கிட்டு,
குருநாகலில் டீசல், அனுராதபுரத்தில் ரீ,
இப்போது எவரும் மறிக்காத ஓமந்தையைக் கடந்து,
ஒரு திருகாணியை
அரைச் சுற்றுத் திருப்ப.

அந்த அரைச் சுற்றை எனக்கு
மூன்று வருஷமாகப் படிப்பித்தார்கள்.
விசுவமடுவில் ஐந்தேகால் பஸ் ஏறிப் படித்தேன்.
பொலித்தீன் ஒட்டிய சேர்ட்டிபிக்கற்,
மூன்று மொழியில் என் பெயர்,
மூன்றிலும் எழுத்துப்பிழை.
எங்கள் பட்சில் இருபத்திரண்டு பேர்.
ஒன்பது பேர் கட்டார். ஐந்து பேர் பியகம, கட்டுநாயக்க.
அபிதரன் மாங்குளத்தில் பால் வான் ஓடுகிறான்,
வானை அவனே திருத்துகிறான்.
மற்றவர்களின் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.

நேர்முகத்தில் கேட்டார்கள்,
ரெக்னிசியன் வேலை இருக்கு, பியகமவுக்கு வாறீங்களா?
இஞ்சை? என்றேன்,
யன்னலால் கிளிநொச்சி ரோட்டைக் காட்டி.
இஞ்சை ஒப்பரேற்றர்தான்.
அவர்களின் முதுகுக்குப் பின்னால் நாட்டின் படம்.
கொழும்பைச் சுற்றிப் பச்சைப் பொட்டுகள்,
சீனியில் எறும்பு மொய்த்த மாதிரி.
எங்களுடைய பொட்டைத் தேடினேன்.
வவுனியாவுக்கு மேலே
கலண்டர் தொங்கியது.

செவ்வாய், சாப்பாட்டு மணி.
வோச்சர் அறையில் சைக்கிளுக்கென்று கிடந்த ஸ்குறூ றைவர்.
எல்லோரும் சோற்றுப் பொதியை அவிழ்க்கையில்
நான் பதினாலை அவிழ்த்தேன்.
அரைச் சுற்று வேண்டியிருக்கவில்லை.
கால் சுற்றிலும் கொஞ்சம் குறைவு.
பின்னேரம் எழுபத்தொன்பது இடது பைகள்.
புதன்கிழமை மூன்றாம் லைனிலிருந்து ஒருத்தி
கை கழுவும் இடத்தில் மெல்லக் கேட்டாள்:
"அக்கா, என்ர ஓவர்லொக்கையும் ஒருக்காப் பாப்பீங்களோ?"

வியாழன் வந்தவர் பெயர் இசுறு.
என்னிலும் இளையவர்.
சட்டையில் கொம்பனிப் பெயர், கண்ணில் நித்திரை.
மூடியைக் கழற்றிப் பார்த்து, மறுபடி பார்த்து,
"யாரு?" என்றார் தமிழில்.
லைன் முழுக்கக் குனிந்து தைத்தது.
நானும்.
பிழை இல்லை என்று தாளில் எழுதிக் கையொப்பம் வைத்தார்.
பிறகு, கொக்கியிலிருந்த பஞ்சை ஊதிக்கொண்டு,
எனக்குச் சொன்னாரா மெசினுக்கா தெரியவில்லை:
"எங்க ஊர் மொனராகல. அங்கயும் இல்ல."
வான் திரும்பிப் போனது.

அலன் கீ ஒன்றை விட்டுப் போயிருந்தார்.
மறந்துதான் போனாரா, தெரியாது.
சுப்பவைசர் அக்கா அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா,
அடுத்த வியாழன் வரைக்கும்.

வெள்ளி, மூன்று நாற்பது.
இரண்டாம் லைனில் ஒரு மெசின் இறுகி நிற்கிறது.
தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்புகின்றன.
அக்காவின் கை அலுமாரித் திறப்பில் இருக்கிறது.
நான் எழும்பவில்லை.
இந்தப் பையை முடித்துவிட்டு
முதலில் கேட்கப்போகிறேன்:
கால் சுற்றுக்கு எவ்வளவு?