கபிலக் கட்டி

இரவு டியூட்டி முடிஞ்சு
பெரியாஸ்பத்திரி வாசலிலை சைக்கிளை எடுக்கேக்கை
மணி ஏழேகால்.
கொட்டடிக்கு வந்து, பாணும் சம்பலும் வைச்சு,
கழட்டின சப்பாத்தைக் கழட்டின இடத்திலேயே விட்டுட்டு
கட்டிலிலை விழுந்தன்.

விழமுன்னம் "ஒண்டே ஒண்டு சொல்லுறன்" எண்டு
மூண்டு சொன்னன்:
நெருப்புப்பெட்டி தொடக்கூடாது,
அயன் பொக்ஸ் தொடக்கூடாது,
என்னை எழுப்பக்கூடாது.

போன ஞாயிறு இவை
கிரயோனைத் துருவித் தாளுக்குள்ளை வைச்சு
மேலாலை அயன் பண்ணி
வண்ணத்துப்பூச்சி செய்தவை.
வண்ணத்துப்பூச்சி நல்லாத்தான் வந்தது.
பிறகு அதே அயன் பொக்ஸ் ஏறின
என்ர வெள்ளை யூனிபோமிலையும்
ஒரு செட்டை வந்தது, நீலத்திலை.
நாலாம் வார்ட்டிலை மூண்டு நாளாய்ச் சிரிக்காத மனிசன்
அதைப் பாத்துச் சிரிச்சார்.

இந்தக் கிழமை, சூடில்லாத வேலை.

பன்னிரண்டு கட்டிப் பெட்டியிலை மிச்சம் ஒன்பது.
முழுசாய்க் கிடக்கிறது வெள்ளை மட்டும்;
வெள்ளைத் தாளிலை வெள்ளையை ஆர் தீட்டுறது?
கோபிதன் தீட்டினான்.
அஞ்சரை வயசு, நாக்கை வெளியிலை நீட்டிக்கொண்டு
கண்ணுக்குத் தெரியாத ஒண்டை
கால் மணித்தியாலமாய்த் தீட்டி,
நான் குடிக்காமல் விட்ட பிளேன்ரீயை
பஞ்சாலை தோய்ச்சுப் பூசினானாம்.
தேத்தண்ணிக்கு நடுவாலை
அப்பான்ர பருத்தித்துறை பஸ்
வெள்ளையாய் வந்து நிண்டது.
கொண்டக்டர் இல்லை. "அப்பா ரிக்கற் எழுதப் போட்டார்."

எனக்கு இதொண்டும் தெரியாது.
நண்டு ஊருற மாதிரி ஒரு கனவு,
காலடியிலை, அவ்வளவுதான்.

பதினொண்டரைக்குக் கண் முழிச்சால்
விறாந்தை முழுக்கத் தாள்.
பறக்காமல் ஒவ்வொண்டுக்கும் மேலை
ஒரு உருளைக்கிழங்கு.
"சொல்லுங்கோ பாப்பம், எது என்னெண்டு"
இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு சயந்தவி.
எட்டு வயசு, சோதினை எடுக்கிற முகம்.

தாளை மேலை வைச்சு
கட்டியைச் சரிச்சுப் பிடிச்சு
வீட்டையே உரசி எடுத்து வைச்சிருக்கிறாள்.

அஞ்சு ரூபாய்க் குத்தி, சுகம்.
பூவரசம் இலை, அதுவும் சுகம்.
பச்சையிலை பின்னல் பின்னலாய் இருந்தது
பிரம்புக் கதிரை எண்டன்; பிழை,
இடியப்பத் தட்டு.
காஸ் சிலிண்டரின்ர கழுத்தெழுத்து ஊதாவிலை.
கறுப்பிலை வரி வரியாய், ஒரு பக்கம் அழிஞ்சு...
"ரயரோ?"
"உங்கட சப்பாத்து. இடது பக்கம் தேஞ்சு போச்சு, பாருங்கோ."
பாத்தன்.
ஒன்பது வரியமாய் அதோடை நடக்கிறன்,
இப்பத்தான் பாத்தன்.

கடைசித் தாள் கபிலம்.
சின்னச் சின்ன வெடிப்பு,
ஒண்டிலையிருந்து ஒண்டு கிளைச்சு,
ஓரத்திலை வந்து ஆழமாய்.
பனங்கொட்டை?
இல்லை.
முருகைக்கல்லு?
இல்லை.
கோபிதன் வாயைப் பொத்திக்கொண்டு
கட்டிலுக்குக் கீழை உருண்டான்.

"உங்கட குதிக்கால் அம்மா.
நீங்கள் முழிக்கேல்லை.
எழுப்பக்கூடாதெண்டு சொன்னீங்கள்தானே,
மெள்ள மெள்ளத்தான் உரசினனான்."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலை கண்காட்சி.
அதுக்கு இந்தத் தாள்தானாம் போகுது.
கீழை பெயரும் எழுதியாச்சு, வடிவான எழுத்திலை:
பண்ணைக் கடல், தண்ணி வத்தின நேரம்.
"உண்மையை எழுதினால் உங்களுக்கு வெக்கமெல்லோ"
எண்டு எனக்காகத்தான் பொய்யாம்.

அந்தப் பாலத்தாலை எத்தினை தரம் போயிருப்பன்.
வத்தின சேத்திலை கொக்கு நிக்கிறதைப் பாத்திருக்கிறன்.
அது என்ர காலுக்குக் கீழை கிடந்ததை
ஒருத்தரும் சொல்லேல்லை.

பின்னேரம் மூலைக் கடைக்குப் போய்
நூற்றெண்பது ரூபாய் குடுத்து
வெடிப்புக்கு ஒரு கிறீம் வாங்கி வந்தன்.
மூடியைத் திறந்து
விரலாலை தொட்டும் போட்டன்.

"பொறுங்கோ! பொறுங்கோ!"
கையிலை பாதிக் கபிலக் கட்டியோடை ஓடி வாறாள்,
"மற்றக் கால் இன்னும் எடுக்கேல்லை."