தானாகச் சரியானது

லா பாஸ் நகரில், மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
எட்டுக் கணினி, ஒரு பிரிண்டர், நான்.
கடிகாரத்தைக் கழற்றுங்கள் என்பேன்.
பாக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டுங்கள் என்பேன்.
சாவி விழும், மினிபஸ் சில்லறை விழும்,
நாலைந்து கோக்கா இலை உதிரும்.
இலையையும் கவரில் போட்டு ஒட்டி எண் எழுதுவேன்.
விதி.

மொழித் தேர்வுப் பிள்ளைகள் உதட்டை அசைத்தபடி வருவார்கள்.
நெட்வொர்க் தேர்வுக்காரர்கள் விரலை மடக்கி மடக்கி வருவார்கள்.
இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு,
முப்பத்திரண்டு...
ஒவ்வொரு படிக்கும் இரட்டிப்பு.

கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குவால்பெர்த்தோ டின்டாயா மூன்றாம் முறையாக வந்தது
ஆகஸ்டில், பனி பெய்த ஒரு வியாழக்கிழமை.
எல் ஆல்ட்டோ ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம்
கூரைக்குள் தவழ்ந்து கேபிள் இழுத்தவர்.
எக்ஸ்ரே படம் மாடிக்கு மாடி ஓடுவது அவர் கையால்.
சம்பளப் பட்டியலில் பெயர்: உதவியாள்.
மேலே போன வருடம் ஒருவன் வந்திருக்கிறான்,
இருபத்து மூன்று வயது, இரண்டு சான்றிதழ்.
"நல்ல பையன்தான்" என்றார் கையெழுத்திட்டபடி,
"சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவான்."

நாற்பத்தேழாம் நிமிடம்
எட்டுத் திரையும் உறைந்தன.

தலைமையகத்துக்குப் போன் போட்டேன்.
ரீஸ்டார்ட் செய்தீர்களா?
செய்தேன்.
மறுபடி செய்யுங்கள்.
செய்தேன்.
ஆள் அனுப்புகிறோம், சான்றிதழ் பெற்ற ஆள்,
சாந்தா குரூஸிலிருந்து, நாளைக்கு.

மூலையில் ஸ்விட்சின் விளக்கெல்லாம்
ஒரே நேரத்தில் வெறி பிடித்துத் துடித்தன.
டின்டாயா கை தூக்கினார்.
"சென்யோரா, நான் பார்க்கலாமா?"

தேர்வர் எழக் கூடாது.
தேர்வர் கருவியைத் தொடக் கூடாது.
தேர்வர் பேசக் கூடாது.
வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
அவர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமர்ந்துகொண்டார்,
விட்டால் அவை தாமாகவே எழுந்து போய்விடும் என்பதுபோல்.

கண்ணுக்கு விதி எழுத மறந்திருந்தார்கள்.
அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன்.
நீலக் கேபிளில் கை வைத்தேன். அவர் முகட்டைப் பார்த்தார்.
மஞ்சளில் வைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.

துப்புரவுக்கு வந்தவள் முந்தின மாலை
தரையில் கிடந்த முனையை அக்கறையாய் எடுத்துச்
செருகியிருக்கிறாள்: இரு முனையும் ஒரே பெட்டியில்.
தான் சொன்னதையே தனக்குத் திருப்பிச் சொல்லி
இரவெல்லாம் கத்தியிருக்கிறது அது.

பிடுங்கினேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாக நிதானத்துக்கு வந்தன.
திரைகள் மீதி நேரத்தோடு திரும்பின.

பிரிண்டர் தாளைத் துப்பியது.
பன்னிரண்டு மதிப்பெண் குறைவு.
கீழே பகுதி வாரியாகக் கணக்கு:
பழுது கண்டறிதல், நூற்றுக்கு நாற்பது.
அந்த வரியில் விரலை வைத்து
அவர் சிரித்த சிரிப்பு
கீழே மருந்துக்கடைக்குக் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் சம்பவப் படிவம் நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்:
தானாகச் சரியானது.

மார்ச்சில் நாலாம் முறை. தேறினார்.
அடுத்த மாதம் ஒரு குவளை ஊதா நிறச் சோளக் கஞ்சியோடு
சூடு ஆறுமுன் படியேறி வந்தார்.
பட்டியலில் இப்போது நிபுணர் என்று இருக்கிறதாம்,
ஆயிரத்து நூறு பொலிவியானோ கூடுதலாம்,
மகளுக்குப் பல்லில் கம்பி கட்டியாயிற்றாம்.
புதிதாக என்ன தெரிந்துகொண்டீர்கள் என்றேன்.
யோசித்தார்.
"கூரை அதேதான். ஆனால் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.
நாற்காலி போடுகிறார்கள்."
பிறகு, இறங்கும்போது:
"மூன்று வருடத்தில் காலாவதி, சென்யோரா,
பால் பாக்கெட் மாதிரி. அப்போது பார்ப்போம்."

மஞ்சள் கேபிள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
காலையில் படியேறும்போது
என் விரலும் மடங்கத் தொடங்கியிருக்கிறது.
நூற்று இருபத்தெட்டு வரை வந்துவிடுகிறேன்.
அதற்கு மேல்
இந்த உயரத்தில்
கொஞ்சம் நின்று மூச்சு வாங்க வேண்டும்.