உறுதி செய்யும் அழைப்பு

துலூத்தில் முழங்கால் வரை பனி.
பழைய உறையின் முதுகில்
பென்சில் கணக்கு:
எல்லாக் கடையிலும் ஆயிரத்து நூறு டாலர்,
இங்கே அறுநூற்று நாற்பது.

தொலைபேசி அடித்தது.
"ஆர்டரை உறுதி செய்யத்தான், மேடம்.
பேட்டரி எத்தனை போடட்டும்?"
கேமராவோடு வராதா?
"அது தனி."
சார்ஜர்?
"தனி."
லென்ஸ் மூடியும் தனியாம்.

கூட்டினாள் இங்கெபோர்க்.
ஆயிரத்து நூற்று எழுபது.

எதுவும் வேண்டாம், கேமரா மட்டும் அனுப்பு என்றாள்.
அவன் குரலில் தேன் வற்றிவிட்டது.
"அப்படியானால் சரக்கு இல்லை. ஆறு வாரம் ஆகும்.
எட்டும் ஆகலாம்."

கடையின் முகவரியை
நேற்றிரவே வரைபடத்தில் தேடியிருந்தாள்.
புரூக்ளினில் அந்த எண்ணில்
ஒரு சலவைக்கடை,
வாசலில் சக்கரம் கழன்ற தள்ளுவண்டி.

"உன் ஜன்னலில் என்ன தெரிகிறது?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.
அவனுக்குப் பின்னால்
பத்துப் பன்னிரண்டு குரல்கள்
பேட்டரி விற்றுக்கொண்டிருந்தன.

"இங்கே ஜன்னல் கிடையாது,"
விற்காத குரலில் சொன்னான்,
மெதுவாக.

ஆர்டரை ரத்து செய்தாள்.
கார்டு கம்பெனிக்கு அடுத்த அழைப்பு;
காத்திருப்பு இசை ஓடிக்கொண்டிருக்க
எதிர்க் கம்பத்தில் வந்து உட்கார்ந்தது
இரண்டு குளிர்காலமாய் அவள் படமெடுக்க நினைத்த
வெள்ளை ஆந்தை.

நகரவில்லை அவள்.
வரி எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்,
பார்வையை எடுக்காமல்.