பேனரின் பின்பக்கம்

முதல் நாள் மூன்று பிரியாணி வந்தது.
மூன்றும் ஒரே கட்டடத்துக்கு,
ஒரே பகல் ஒன்றரைக்கு.
ஷார்ஜா தொழிற்பேட்டையில்
கார் நனையாமல் போய்ச்சேரக்கூடிய
கட்டடம் அது ஒன்றுதான்.
கோழி, ஆடு, மறுபடி கோழி.
மூன்று பேனர், மூன்று புகைப்படம்.
மூன்றிலும் அதே நீலச் சீருடைக்காரர்
பொட்டலம் வாங்குகிறார்.
மூன்றாவதில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பின்னால்
இடுப்பளவு மழைத்தண்ணீருக்கு அப்பால்
சி பிளாக்.
மாடித் தொட்டியின் அடிமண்டித் தண்ணீரை
பனியனில் வடித்துக் குடித்தார்கள்.
கரண்ட் போன ஃபிரிட்ஜுக்குள்
அந்தோணிராசுவின் இன்சுலின்.
என் நம்பரை யார் கொடுத்தார்களோ,
குப்பியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்:
‘மேடம், இதை இன்னும் போட்டுக்கலாமா?’
நான் டயர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அன்றிரவு
குல்சார் லாண்டரியின் மாடியில் கூடினோம்.
தமிழ்ச் சங்கத்திலிருந்து இருவர்,
அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.
மலையாளிகள் நால்வர், நால்வரும் செயலாளர்.
குருத்வாரா சமையற்கட்டிலிருந்து குர்னாம் சிங்,
முழங்கை வரை மாவு.
செம்பிறைச் சங்கத்து இளைஞன் ஹுமைத்
அனுமதிக் கடிதத்தை
பிளாஸ்டிக் உறைபோட்டு நெஞ்சோடு வைத்திருந்தான்.
பெஷாவர் ஸர்வர் கானுக்குச் சங்கம் இல்லை.
உயரமான லாரி இருந்தது.

எந்தப் பெயர் மேலே, எந்தப் பெயர் கீழே
என்பதில் நாற்பது நிமிடம் போனது.

டியூட்டி முடிந்து ஈரக் காலணியோடு வந்த
நர்ஸ் லோர்னா
இருப்பதிலேயே நீளமான பேனரை இழுத்து
இஸ்திரி மேசையில் குப்புறப் போட்டாள்.
பின்பக்கம் வெள்ளை.
மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி
‘சி பிளாக்கில் எத்தனை பேர்?’ என்றாள்.
யாருக்கும் தெரியவில்லை.
செயலாளர்கள் செயலாளர்களைப் பார்த்தார்கள்.
நாற்பத்திரண்டு, என்றேன்.
அன்றிரவு நான் பேசியது அவ்வளவுதான்.

விடியுமுன்
மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி வாங்கினோம்.
அதில் புது இன்சுலின், ஷேரி மீன் வாசனையோடு.
ஹுமைத்தின் கடிதத்துக்குத் தடுப்பு விலகியது.
ஸர்வர் கானின் லாரி
தண்ணீரைப் பிளந்து போகையில்
மிதந்த செருப்புகள் ஒதுங்கி வழிவிட்டன.
ஏற்றும் இடத்தில் ஒரு தமிழ்ச் சங்கம்,
இறக்கும் இடத்தில் இன்னொன்று.
‘அறுபது கேன் அனுப்பியாச்சுன்னு
அவர்கிட்ட சொல்லுங்க.’
‘அம்பத்தொம்பதுதான் வந்துச்சுன்னு
அவர்கிட்ட சொல்லுங்க.’
நடுவில் நான்.

எல்லாம் சரியாக நடந்ததென்று சொல்லமாட்டேன்.
ரொட்டி ஒருநாள் இரண்டு முறை போனது.
சோப்பு ஐந்தாம் நாள் வரை
யார் ஞாபகத்திலும் இல்லை.
மீன் சாப்பிடாத நேபாளிகளுக்கு மீன் குழம்பு.
குர்னாம் சிங் தலையில் அடித்துக்கொண்டு
பருப்புச் சட்டியைத் தானே தூக்கிப் போனார்.
சாயங்காலந்தோறும்
பேனரில் ஒரு கட்டத்தை அடித்தோம்,
ஒன்றரைக் கட்டத்தைச் சேர்த்தோம்.

எட்டாம் நாள் தண்ணீர் வடிந்தது.
பாஸ்போர்ட்டுகளை
மரப்பலகைமேல் விரித்துக் காயவைத்தார்கள்,
பறக்காமலிருக்க ஆளுக்கொரு கல்.
ஊதிப்போன பக்கங்களில்
விசா மை ஊதாவாகக் கசிந்திருந்தது.

பேனரைச் சுருட்டப் போனபோதுதான் பார்த்தேன்.
‘தேவை’ என்ற பத்தியின் அடியில்
பேனாவால், பொடி எழுத்தில்
யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்:
நாலு மாசச் சம்பளம்.

குர்னாம் சிங் என்னவென்று கேட்டார். சொன்னேன்.
மாவு காய்ந்த கையால் தாடியை நீவினார்.
லோர்னா மார்க்கரை மூடினாள்.
ஹுமைத் மட்டும் படமெடுத்துக்கொண்டு
தொழிலாளர் அலுவலகத்தில்
யாரிடமோ போனில் வெகுநேரம் பேசி
ஒரு புகார் எண் வாங்கித் தந்தான்.
அதைப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

பேனர் இப்போது என் கார் டிக்கியில்.
ரவுண்டபோட்டில் திரும்பும்போதெல்லாம்
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருண்டு
இடிக்கிறது.
செவ்வாய்தோறும் அந்த எண்ணைக் கூப்பிடுகிறேன்.
‘பரிசீலனையில்’ என்கிறார்கள்.
அந்தோணிராசு
வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவை
தினமும் எனக்கு அனுப்புகிறார்.
இன்று நூற்று நாற்பது.