இடது மூலையில் ஒரு பிசிர்

அம்பத்தூர் எஸ்டேட்டில்
மழைத்தண்ணீர் வடியாத குறுக்குத் தெருவில்
என் வேலை, சுடுவது.

துப்பாக்கி மாதிரிதான் இருக்கும்.
விசையை அழுத்தினால் சத்தம் வராது.
முப்பது நொடி கை ஆடாமல் பிடித்தால்
ஒரு திருகாணி
தன் வயிற்றில் உள்ளதையெல்லாம்
எண்ணாகக் கக்கிவிடும்.

பத்து லட்சத்தில் ஆயிரம் வரை
காரீயம் குற்றமில்லை.
ஆயிரத்தொன்று, குற்றம்.
காட்மியத்துக்கு நூறோடு சரி.
ஜெர்மனிக்குப் போகும் பெட்டிக்கு
இதுதான் ஜாதகப் பொருத்தம்.
நம் ஊருக்கும் சட்டம் உண்டு,
வரவேற்பறையில்
கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்.

சால்டரிலிருந்து காரீயத்தை எடுத்த வருஷம்
நான் சேரவில்லை. சொல்லிக் கேள்விதான்.
நூற்று எண்பத்து மூன்றில் உருகியது
இருநூற்றுப் பதினேழு கேட்டதாம்.
வெந்த இணைப்பு
பழைய மினுக்கு இல்லாமல் மங்கிக் கிடக்க,
பற்றவே இல்லை, பற்றவே இல்லை என்று
ஞானப்பூ அக்கா ஒரு வாரம்
எல்லாவற்றையும் திரும்பச் சூடேற்றினாளாம்.
மங்கல்தான் சுத்தம் என்று
கண்ணுக்குப் புரியவைக்க
அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஒருமுறை ஜெசிந்தா
வீட்டு ஈயச் சொம்பைப் பையில் மறைத்துக் கொண்டுவந்தாள்.
சுட்டேன்.
வெள்ளீயம், தொண்ணூற்றொன்பது.
அவள் வீட்டு ரசம் பிழைத்தது.

ஆடி மாசம் வந்த கனெக்டர் பிழைக்கவில்லை.
வெள்ளை உடம்பு, எட்டுக் கால்,
லென்ஸில் பார்த்தால்
இடது மூலையில் அரிசி முனையளவு பிசிர்.
கூட வந்த சான்றிதழில்
காரீயம் 'இல்லை', கீழே வட்ட முத்திரை.
மூன்று பையிலிருந்து எடுத்துச் சுட்டேன்.
நாற்பதாயிரம். நாற்பத்தோராயிரம். நாற்பதாயிரம்.

வேதரத்தினம் சார் கன்னத்தைத் தடவினார்.
ஈயம் பூசினாப்லயும் இருக்கணும்,
பூசாத மாதிரியும் இருக்கணும்.
மற்ற வீடுகளில் அது பழமொழி.
எங்களுக்கு
கொள்முதல் பிரிவிலிருந்து வரும் மின்னஞ்சல்.

நான் கையெழுத்துப் போட்டேன்.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி
சிவப்புக் கம்பிக் கூண்டில் வைத்துப் பூட்டினேன்.
மூன்றாவது சனிக்கிழமை கூண்டு காலி.
எடைச் சீட்டில் 'கழிவு' என்றிருந்தது,
பதினொன்றரைக் கிலோ.
யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.
யாரும் என்பதில் நானும் உண்டு.

ரிச்சி தெருவில் மழைக்கு ஒதுங்கிய கடையில்
நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு இரவு விளக்கு வாங்கினேன்.
முயல் வடிவம்.
இதழினி இருட்டுக்குப் பயப்படுவாள்.
ஒரு மாதம் எரிந்தது. முயலின் காதைச்
சப்பிக்கொண்டே தூங்குவாள்.
பிறகு எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கறி வேகிற நேரத்தில்
வெண்டைக்காய் கத்தியால் அதன் வயிற்றைத் திறந்தேன்.
உள்ளே இணைப்புகள் ஒவ்வொன்றும்
மூக்குத்தி மாதிரி மினுங்கின.
அப்போதே தெரிந்துவிட்டது.
ஆனாலும் ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

வெள்ளை உடம்பு. எட்டுக் கால்.
இடது மூலையில்

திங்கட்கிழமை ஷிப்டு தொடங்குமுன்
முயலைச் சுட்டேன்.
எண்ணை எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும்.
முடிவைச் சேமிக்க
'சேருமிடம்' நிரப்பச் சொன்னது இயந்திரம்.
பட்டியலில் நான்கு நாடுகள்.
கொரட்டூர் இல்லை.

மேசை இழுப்பறையில் கிடக்கிறது முயல்,
செய்தித்தாளில் சுற்றி.
குப்பையில் போட்டால் கொடுங்கையூர்.
கூண்டில் போட மாட்டேன்.
கூண்டுக்கு என் வீட்டு வழி தெரியும்.

புதன்கிழமை மருத்துவமனையில்
இதழினி கையை நீட்டினாள்.
ஊசி குத்தியதும்
எவ்வளவு வரைக்கும்மா பரவாயில்லை
என்று நர்ஸிடம் கேட்டேன்.
அவள் ரத்தத்தின் அளவைக் கேட்கிறேன் என்று நினைத்து
ரெண்டு மில்லிதான், பயப்படாதீங்க என்றாள்.